மூன்று வயதில் போன பிள்ளையை ஐந்து வயதில் தேடுகிறோம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அரசுப் பள்ளி மாணவர் சேர்க்கைப் பேரணிப் படம் உங்கள் நாளிதழில் வந்திருந்தது. ஆட்டோவில் மைக் கட்டி, பிள்ளைகள் கையில் பதாகை கொடுத்து, ஆசிரியர்கள் வெயிலில் நடந்து போகிற படம். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும், வருடா வருடம் மார்ச்சில் தொடங்கி ஜூன் வரை எல்லாப் பதிப்பிலும் இதே படம் வரும். அந்த ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பல பேர் சொந்தக் காசில் நோட்டீஸ் அடிக்கிறார்கள், ஆட்டோ வாடகை கொடுக்கிறார்கள், வீடு வீடாக ஏறி இறங்கி அம்மாக்களிடம் கெஞ்சாத குறையாகப் பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் தேடிப் போகிற ஐந்து வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால்தானே? அது இரண்டு வருடத்துக்கு முன்பே தனியார் பள்ளி வேனில் ஏறிப் போய்விட்டது. இதை யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், வெட்டாமல் போட்டால் சந்தோஷம்.

நாங்கள் திருப்பூர்க்காரர்கள். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறேன், அவர் பவர்டேபிள் டைலர். இந்த ஜூனில் எங்கள் மகளை வீட்டுக்குப் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நேராக ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். அவள் எல்கேஜி, யூகேஜி எதுவும் படிக்கவில்லை, அங்கன்வாடிக்குப் போனவள். இதைச் சொன்னதும் லைன் வீட்டில் இருக்கிற அக்கா ஒருவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பிள்ளைக்கு சோறு போடாமல் வைத்திருந்தேன் என்று சொன்னால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். "ஏனுங் அம்மிணி, எல்கேஜி படிக்காம நேரா ஒன்னாவதுங்களா? ஒண்ணுமே தெரியாதேங்?" என்றார். ஒன்றாம் வகுப்பு என்றாலே முதல் வகுப்புதானே, ஒன்றும் தெரியாத பிள்ளைக்குத்தானே அந்த வகுப்பு என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அது எடுபடவில்லை. அவர் ஒருவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை, கம்பெனியில் என் டேபிளைச் சுற்றி நிற்கிற அத்தனை பேரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

உண்மையைச் சொல்லப்போனால் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை என்பது இப்போது காகிதத்தில்தான் இருக்கிறது. நர்சரி, மெட்ரிக் பள்ளிகளில் நுழைவு வகுப்பு எல்கேஜி. பல இடங்களில் அதற்கும் முன்னால் ப்ரீகேஜி என்று ஒன்று. ஒன்றாம் வகுப்புக்குப் போய்க் கேட்டால் "சீட் இல்லை, யூகேஜி பிள்ளைகளே மேலே வருகிறார்கள்" என்பார்கள். அதாவது எந்தப் பள்ளி, எந்த மீடியம், மாநிலப் பாடத்திட்டமா சிபிஎஸ்இயா, பத்து பன்னிரண்டு வருடச் செலவு எவ்வளவு என்கிற எல்லா முடிவும் பிள்ளைக்கு மூன்று வயது ஆகும்போதே எடுக்கப்பட்டுவிடுகிறது. பெரிய ஊர்களில் பேர் பெற்ற பள்ளி வாசலில் விண்ணப்பத்துக்காக ராத்திரியே வந்து படுத்துக்கிடக்கிறார்களே, அவர்களில் யாரும் ஒன்றாம் வகுப்புக்காகப் படுத்துக்கிடப்பதில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர் கதவைத் தட்டும்போது அந்தப் பிள்ளைக்கு அங்கே ஒரு மிஸ் இருக்கிறார், வேன் அண்ணன் இருக்கிறார், பக்கத்து சீட்டுக்கு ஒரு சிநேகிதி இருக்கிறாள், கட்டிய ஃபீஸும் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு வா என்றால் யார் வருவார்கள்?

சரி, மூன்று வயதுப் பிள்ளைக்கு அரசு என்ன வைத்திருக்கிறது? அங்கன்வாடி. தமிழ்நாட்டில் ஐம்பத்து நாலாயிரத்துக்கு மேல் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 1975ல் தொடங்கின ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் இது. நான் அதைக் கேவலமாகப் பேசுகிற ஆள் இல்லை, என் மகளே அங்கேதான் வளர்ந்தாள். முட்டை, சத்துமாவு, கலவை சாதம், எடை பார்ப்பது, தடுப்பூசியை நினைவுபடுத்துவது, எல்லாம் நடக்கிறது. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று பாடத்திட்டமும் உண்டு, எங்கள் டீச்சர் அதை நன்றாகவே நடத்துவார், நேரம் கிடைத்தால். நேரம் கிடைத்தால் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். இதில் கர்ப்பிணிகள் கணக்கு, கைக்குழந்தைகள் கணக்கு, போலியோ சொட்டு மருந்து, செல்போனில் தினமும் ஏற்ற வேண்டிய விவரம், தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலை. உதவியாளர் லீவு என்றால் டீச்சரே அடுப்படிக்குப் போக வேண்டும். பெற்றவர்கள் கண்ணில் அது சாப்பாடு போடுகிற இடமாகத்தான் பதிந்துவிட்டது, பள்ளிக்கூடமாகப் பதியவே இல்லை.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இதைக் கல்வி பற்றிப் பேசுகிற பெரியவர்கள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நேரம். பனியன் கம்பெனியில் காலை எட்டரைக்கு உள்ளே போனால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் ஒரு ஷிஃப்ட் முடியும். ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிஃப்ட், வீடு வர ராத்திரி ஒன்பது ஆகும். அங்கன்வாடியில் மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிள்ளையை மூன்று, மூன்றரைக்குள் கூட்டி வர ஆள் வேண்டும். எங்களுக்கு மாமியார் கூட இருந்தார், சமாளித்தோம். தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் பிழைக்க வந்து, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் கம்பெனிக்குப் போகிற வீட்டில் யார் இருக்கிறார்கள்? தனியார் பள்ளி வேன் காலையில் வாசலில் வந்து ஏற்றிக்கொள்கிறது, சாயங்காலம் வாசலில் இறக்கிவிடுகிறது, சில இடங்களில் டியூஷன் என்று சொல்லி ஆறு மணி வரை வைத்துக்கொள்கிறார்கள். இங்கிலீஷ் மோகம், இங்கிலீஷ் மோகம் என்று எங்களைத் திட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மோகம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வேனில் ஏறுகிற பாதிப் பிள்ளைகள் ஏறுவது, அந்த நேரத்துக்கு அவர்களைப் பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை என்பதால்.

அரசுக்கு இது தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யூகேஜி தொடங்கினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது. ஆனால் ஆசிரியர் யார்? உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். அவர்கள் அதைப் பதவி இறக்கமாக எடுத்துக்கொண்டு வழக்குப் போட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொள்வதற்கு என்று அவர்கள் படித்து வரவில்லை. அப்புறம் கொரோனா வந்தது. 2022 ஜூனில் இந்த வகுப்புகளே வேண்டாம், பிள்ளைகள் பழையபடி அங்கன்வாடிக்கே போகட்டும் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே, சரி தொடரும் என்றார்கள். தற்காலிகச் சிறப்பாசிரியர்களைப் போடுகிறோம் என்றார்கள். மதிப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். எங்கள் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிற பெண்ணுக்குக்கூட அதைவிட அதிகம் கிடைக்கும் ஐயா. ஆசிரியர் பயிற்சி முடித்த பெண்ணை ஐயாயிரத்துக்கு வேலைக்கு வைத்தால் அவர் எத்தனை மாதம் இருப்பார்? இன்னொன்றும் உண்டு. அந்த 2,381ம் நடுநிலைப் பள்ளி வளாகத்தில் இருப்பவை. தமிழ்நாட்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் மட்டும் இருபதாயிரத்துக்கு மேல். என் மகள் படிக்கிறதும் அப்படி ஒரு பள்ளிதான். அங்கே பெரும்பாலும் முதல் வகுப்பு என்பது இன்னும் ஒன்றாம் வகுப்புதான், ஊர் முழுக்க எல்கேஜிக்கு மாறின பிறகும்.

இப்போது கட்டாயக் கல்விச் சட்டத்துக்கு வருகிறேன், இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. 2009ஆம் வருடத்துச் சட்டப்படி, சிறுபான்மையினர் அல்லாத தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கும் பின்தங்கிய பிரிவினருக்கும். நுழைவு வகுப்பு எல்கேஜி என்றால் அந்த இடமும் எல்கேஜியில்தான். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிற பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம், இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். ஃபீஸை அரசு கட்டும். நல்ல சட்டம், பல பிள்ளைகளுக்கு வழி திறந்த சட்டம், அதை எடுத்துவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலான இடங்களில் அரசிடம் சொந்தமாக எல்கேஜி கிடையாது, பக்கத்துத் தனியார் பள்ளியின் எல்கேஜிக்கு அரசே பணம் கட்டி அனுப்புகிறது. அனுப்பிவிட்டு, இரண்டு வருடம் கழித்து ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு அதே பிள்ளையைத் தேடுகிறது. இதே சட்டத்தின் 11ஆம் பிரிவு, மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இலவச முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்கிறது. 'செய்யலாம்'தான், 'செய்ய வேண்டும்' இல்லை. அதனால்தான் அப்படியே கிடக்கிறது போலும்.

அந்த 25 சதவீதமும் 2025ல் என்ன பாடு பட்டது என்று உங்கள் நாளிதழ் வாசகர்களுக்குத் தெரியும். மத்திய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று, பள்ளிக் கல்விக்காக மாநிலங்களுக்குக் கொடுக்கிற சமக்ர சிக்ஷா நிதியை மத்திய அரசு நிறுத்தி வைத்தது, 2024-25க்கு மட்டும் 2,152 கோடி வரவில்லை என்று மாநில அரசு சொன்னது, உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போய், வழக்கமாக ஏப்ரல், மே மாதம் நடக்கிற சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்குள் பள்ளி திறந்து நாலு மாதம் ஓடிவிட்டது. மூன்று வயதுப் பிள்ளையை நாலு மாதம் வீட்டில் வைத்துக்கொண்டு டெல்லியைப் பார்த்து உட்கார்ந்திருக்க முடியுமா? எங்கள் தெருவிலேயே வட்டிக்கு வாங்கிக் கட்டினார்கள். யார் சரி யார் தப்பு என்று கட்சிக்காரர்கள் பேசிக்கொள்ளட்டும். பக்கத்து அரசுப் பள்ளியில் ஒரு எல்கேஜி இருந்திருந்தால் அந்த வருடம் எத்தனை வீட்டில் வட்டி மிச்சமாகியிருக்கும் என்பதுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு பக்கம் பாருங்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் இடஒதுக்கீடு 2020ல் வந்தது. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி போகிற பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய், அப்புறம் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். எல்லாம் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால். அதனால் என்ன நடக்கிறது? கணக்குத் தெரிந்த பெற்றோர் ஐந்தாவது வரை தனியாரில் படிக்கவைத்து ஆறாவதுக்கு அரசுப் பள்ளியில் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். எங்கள் கம்பெனி சூப்பர்வைசரே அப்படித்தான் செய்திருக்கிறார், அவரை நான் தப்பு சொல்லவில்லை, கணக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறார். ஆறாம் வகுப்புக்கு இவ்வளவு யோசித்த அரசு, மூன்று வயதுக்கு யோசிக்கவில்லை. அதனால்தான் உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகள் நிரம்புகிறார்கள், தொடக்கப் பள்ளி காலியாகிறது. 2025ல் ஒரு பிள்ளைகூட இல்லாத அரசுப் பள்ளிகள் இருநூற்றுக்கு மேல் என்று செய்தி வந்ததே, அதில் மக்கள் இடம்பெயர்ந்த மலைக்கிராமமும் இருக்கும், பிறப்பு குறைந்த ஊரும் இருக்கும், எல்லாவற்றுக்கும் எல்கேஜியைக் காரணம் சொல்ல மாட்டேன். ஆனால் திருப்பூர் மாதிரி ஊரில் பிள்ளைகளுக்கா பஞ்சம்?

ஒன்றாம் வகுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் பயந்த அளவுக்கு இல்லை, நன்றாகவே இருக்கிறது. காலையில் அங்கேயே சாப்பாடு, ஒரு நாள் உப்புமா, ஒரு நாள் கிச்சடி, ஒரு நாள் பொங்கல். அவசர அவசரமாகக் கம்பெனிக்குக் கிளம்புகிற எனக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சமைக்கிறவர்களுக்குத்தான் தெரியும். புத்தகம், நோட்டு, சீருடை, பை, செருப்பு எல்லாம் இலவசம். 'எண்ணும் எழுத்தும்' என்று 2022ல் கொண்டுவந்த முறையில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்குத் தகுந்தபடி பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். என் மகள் அரும்பு. அதை ஏதோ பட்டம் வாங்கினது போல வீட்டில் சொல்லிக்கொண்டு திரிகிறாள். வகுப்பில் பீகார், ஒடிசாப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்கள் தமிழில் பாடுகிறதைக் கேட்க வேண்டும் நீங்கள். எல்கேஜி படிக்காத பிள்ளைக்கு ஒன்றும் வராது என்று சொன்ன அக்காவுக்கு, ஒரு வார்த்தை தமிழ் தெரியாமல் வந்த அந்தப் பிள்ளைகளைத்தான் காட்ட வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்று சட்டமே சொல்லிவிட்டதால் ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால் ஒருவர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூக்கு ஒழுகிக்கொண்டு நிற்கும்போதே மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெருக்கல் சொல்ல வேண்டும். தனியார் எல்கேஜி வாசலில் ஆயாம்மா நிற்பதைப் பார்த்துவிட்டு வருகிற தாய்க்கு இது உறுத்தத்தானே செய்யும்.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் மாநிலப் பள்ளிகளில் ஐந்து வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. மத்திய அரசு ஆறு வயது என்கிறது, கேந்திரிய வித்யாலயாவில் 2022-23லிருந்து ஆறுதான். இந்தச் சண்டையில் ஐந்து சரியா ஆறு சரியா என்று நீளமாகப் பேசுகிறார்கள், அந்த வயது வருவதற்கு முன்னால் பிள்ளை எங்கே இருக்கும் என்று இரண்டு தரப்பும் பேசக் காணோம். ஆறு என்று வைத்தால் தனியாருக்கு இன்னும் ஒரு வருட ஃபீஸ், அவ்வளவுதான் எங்களுக்கு.

தனியாரிலிருந்து யூகேஜி முடித்து மனம் மாறி வருகிறவர்களுக்காவது கதவு அகலமாகத் திறந்திருக்கிறதா என்றால், அதிலும் முள். எங்கள் பக்கத்து வீட்டுப் பையனைத் தலைமையாசிரியர் சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டார். ஆனால் எமிஸ் எண்ணை, அதாவது கல்வித்துறை கணினியில் பிள்ளைக்கு இருக்கிற பதிவு எண்ணை, புதுப் பள்ளி எடுத்துக்கொள்வதற்கான பொதுப் பட்டியலான 'காமன் பூலுக்கு' பழைய பள்ளி விடவில்லை. பாக்கி ஃபீஸ் கட்டினால்தான் விடுவோம் என்றார்கள். பையன் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான், கணினியில் இன்னொரு பள்ளியில் இருக்கிறான். மாற்றுச் சான்றிதழ் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கட்டாயக் கல்விச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. மாற்றுச் சான்றிதழைக் கட்டண வசூலுக்கான கருவியாக்காதீர்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024ல் சொன்னது. கணினிக்கு அது தெரியுமா? பிறப்புச் சான்றிதழோ ஆதாரோ இல்லை என்று திருப்பி அனுப்புகிற இடங்களும் இருக்கின்றன. வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் மறுக்கக் கூடாது என்பது 14ஆம் பிரிவு. அங்கன்வாடிப் பதிவேடோ, பெற்றோர் எழுதிக் கொடுக்கிற உறுதிமொழியோ போதும். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் நேர்காணல் வைப்பதும் சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கு 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த தடவைகளுக்கு 50,000. "அப்பா என்ன படித்திருக்கிறார்" என்று கேட்கிற பள்ளிகள் எத்தனை அபராதம் கட்டின என்று எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

இதற்கிடையே ஒரு சின்ன விஷயம், பயன்படட்டும் என்று சொல்கிறேன். ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைப் படிவத்தில் எழுதுகிற பெயர், இனிஷியல், பிறந்த தேதிதான் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வரைக்கும் போகும். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து என்று இருந்தால் சேர்ப்பதற்கு முன்பே சரி செய்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லாமல் வைத்திருக்கிறவர்கள் இன்னும் நிறைய பேர். ஒரு வருடத்துக்குள் என்றால் இலவசம், அதற்கு மேல் பதினைந்து வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். தமிழ் மீடியமா இங்கிலீஷ் மீடியமா என்பதையும் அன்றைக்குத்தான் முடிவு செய்கிறீர்கள், அரசுப் பள்ளியிலேயே பல இடங்களில் இரண்டும் உண்டு. தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத வேலை ஒதுக்கீட்டுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி என்று சான்று கேட்கிறார்கள் என்பதைச் சேர்க்கும்போது யாரும் நமக்குச் சொல்வதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு அரசுத் தொடக்கப் பள்ளியிலும் எல்கேஜி, யூகேஜி வேண்டும். முன்பருவக் கல்விக்கென்று படித்த ஆசிரியர், ஒழுங்கான சம்பளத்தில், நிரந்தரமாக. கூடவே ஒரு ஆயா. ஒன்று முதல் ஐந்து வரை போடுகிற காலை உணவை அந்தப் பிள்ளைகளுக்கும் போட வேண்டும். அண்ணன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு தம்பி நிற்கிற கதை வேண்டாம். திருப்பூர், ஓசூர், சிவகாசி மாதிரி வேலைக்குப் போகிற அம்மாக்கள் அதிகம் உள்ள ஊர்களிலாவது சாயங்காலம் ஆறு வரை பிள்ளைகளை வைத்துக்கொள்ள ஏற்பாடு வேண்டும். அதற்கு ஒரு சிறு தொகை கேட்டால்கூடக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம், வேனுக்குக் கொடுப்பதில் பாதி ஆகுமா?

அங்கன்வாடி என்ன ஆகும் என்று கேட்பார்கள். மூன்று வயது வரை உள்ள குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பார்க்கவே அங்கே வேலை கழுத்து வரை இருக்கிறது. படிப்பும் தகுதியும் உள்ள அங்கன்வாடி டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுத்து இந்த வேலைக்கே முதலில் எடுக்கலாம், எங்கள் டீச்சர் இந்த வேலைக்குத்தான் பிறந்தவர். மூன்று வயதில் பள்ளிக்கூடமா, கொடுமை இல்லையா என்றும் கேட்பார்கள். அவர்களோடு நானும் ஒத்துப்போகிறேன், பென்சில் விஷயத்தில். பக்கத்துத் தெரு யூகேஜிப் பையன் கையெழுத்து நோட்டில் கர்சிவ் எழுதிக்கொண்டு அழுகிறான், அதைப் பார்த்துவிட்டு அரசுப் பள்ளியிலும் அதையே செய்யுங்கள் என்று கேட்க எனக்குப் பைத்தியமா? மணல், களிமண், பாட்டு, கதை, மத்தியானத் தூக்கம், இதெல்லாம்தான் வேண்டும். ஆனால் அது பள்ளிக்கூடத்துக்குள், பள்ளியின் பெயரில், எல்கேஜி என்ற பலகையோடு நடக்க வேண்டும். பலகையில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். என் டேபிளில் நிற்கிற அம்மாக்கள் பலகையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

பணத்துக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி, எனக்கு அரசுக் கணக்கு தெரியாது. தனியார் எல்கேஜிக்கு ஒவ்வொரு வருடமும் கட்டுகிற பணத்தையும், காலியாகிற தொடக்கப் பள்ளிக் கட்டடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் இல்லை என்று சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக உங்களிடமே ஒரு வேண்டுகோள். அடுத்த வருடம் பேரணிப் படம் எடுக்க உங்கள் நிருபர் வரும்போது, அப்படியே அந்த 2,381 மையங்களில் ஒரு பத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். எல்கேஜி நடக்கிறதா, டீச்சர் இருக்கிறாரா, அவருக்கு இன்னும் அதே ஐயாயிரம்தானா, சம்பளம் மாதாமாதம் வருகிறதா, அங்கே படித்த பிள்ளைகள் அதே பள்ளியின் ஒன்றாம் வகுப்புக்கு ஏறினார்களா என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலை முதல் பக்கத்தில் போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா,
திருப்பூர்.